பதின்மூன்று ரூபாய் ஐந்தணா

சென்னியப்பன் தன் வாழ்நாளில் பிறத்தியார் பணத்தில் ஒரு தம்படி தொட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இது அவர் தன் தங்கை ஆத்தாயியின் நகையை விற்ற கதை. கேட்பவர்கள் பாதியிலேயே அவரைத் திருடன் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஆத்தாயியின் புருஷன் பொன்னன் வெண்ணந்தூர்ப் பக்கத்துக் காட்டில் நிலக்கடலை போட்டவர். வெள்ளாமை பணமாகும் வருஷமெல்லாம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் ஒரு ராணிக் காசு வாங்கி வருவார். வெள்ளைக்காரச் சீமையின் தங்கப் பவுன்தான்; ராணியின் முகம் இருப்பதால் ஊரில் அந்தப் பெயர். முதல் காசு வாங்கி வந்த அன்று, “தங்கந்தானுங்களா?” என்று பெண்டாட்டி கேட்டுவிட்டாள். மனிதர் ரோஷத்தில் ஓரத்தை ஓங்கிக் கடித்துக் காட்டினார். காசில் பல் பதிந்துவிட்டது. ஆத்தாயி அன்று சிரித்த சிரிப்பைச் சென்னியப்பனும் கூடவே இருந்து பார்த்தார்.

காசுகள் பன்னிரண்டு ஆனதும் சரமாகக் கோத்து அவள் கழுத்தில் போட்டார் பொன்னன். மறுவருஷம் ஒரு காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. ஆத்தாயி சரத்தைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தாள்.

“சௌந்திரத்துக் கண்ணாலத்துக்கு வேணுங்ணா. அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

மகள் சௌந்திரத்துக்கு அப்போது ஏழெட்டு வயது. சென்னியப்பன் சரத்தைத் துணியில் முடிந்து நெல் குதிருக்குள் புதைத்து வைத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் புரட்டாசியில்தான் சனி பிடித்தது. கடலை விலை மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. மூட்டையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்த சென்னியப்பன், செவ்வாய்ப்பேட்டை நகைக்கடை வாசலில் தேர்க்கூட்டம் கண்டார். நிலவரிக் கிஸ்தி கட்ட வழியில்லாத சனங்கள் தோட்டையும் காப்பையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். பவுன் பதினாறு ரூபாயாம். போன மாதம் வரை பதின்மூன்று ரூபாய் ஐந்தணா. அது சர்க்கார் கட்டிவைத்த விலை.

அவருக்குப் புத்தி வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். பவுனுக்குப் பதினைந்து ரூபாய் என்று இருந்த காலத்தைப் பார்த்தவர் அவர். ஜெர்மன் சண்டை முடிந்ததும் சர்க்கார் பத்து என்றது. அப்புறம் பதின்மூன்று ரூபாய் ஐந்தணா என்று முளையடித்தது. ஆக, ஏறுவதும் இறங்குவதும் அதற்கு வழக்கம். ஆடியில் ஏறும் கடலை, புதுக்காய் வந்ததும் இறங்குவதில்லையா? இப்போது விற்றுவிட்டுத் தையில் திரும்ப வாங்கினால், சரமும் முழுசாக இருக்கும், சௌந்திரத்துக்குக் காப்பு செய்யவும் காசு மிஞ்சும்.

“ஆத்தாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு விக்கலாமுங்க,” என்றாள் பெண்டாட்டி பாவாயி.

“காப்பைப் பண்ணிக் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டே சொல்லிக்கலாம்.”

கடைக்காரர் கயிற்றை அறுத்துக் காசுகளைத் தராசில் கொட்டினார். அவை பம்பாய்க்குப் போய், கப்பலேறி, பிறந்த சீமைக்கே போய்ச் சேர்ந்தன.

தை வந்தது. பவுன் பதினெட்டைத் தாண்டியது. சென்னியப்பன் காத்திருந்தார். அடுத்த வருஷம் இருபது. கிஸ்திக்கு வெள்ளாடுகளை விற்றாரே தவிர, காசு விற்றுக் குதிருக்குள் வைத்திருந்த ரூபாயில் கை வைக்கவில்லை. சந்தைக்குப் போகும்போதெல்லாம் கடை வாசலில் நின்று விலை கேட்பார். கேட்டுவிட்டு வந்த நாளில் சோறு இறங்காது. தங்கை வீட்டுப் பக்கம் போவதையும் குறைத்துக்கொண்டார்.

முப்பத்துநாலில் ஆட்டையாம்பட்டி மாப்பிள்ளை ஒருவன் சௌந்திரத்துக்கு அமைந்தான். பவுன் இருபத்திரண்டு. கையிலிருந்த ரூபாய்க்கு எட்டுக் காசுதான் வரும் என்றார் கடைக்காரர்.

“சர்க்கார் விலை இன்னும் பதின்மூணு ரூவா அஞ்சணாதானுங்களே?” சென்னியப்பன் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

“அது சீமை நோட்டுக்கு, காயிதப் பவுனுக்குங்க. முந்தியெல்லாம் காயிதத்தைக் குடுத்தாச் சீமைக்காரன் தங்கம் குடுப்பான். அந்தப் புரட்டாசியில, இனிமேல் குடுக்க மாட்டேனுட்டான். நம்ம ரூபாயை அந்தக் காயிதத்தோட சேர்த்துக் கட்டிப்போட்டாங்க. ரெண்டும் சேர்ந்தே கீழ போகுது. தங்கம் ஏறலைங்க, நீங்க வெச்சிருக்கற ரூபாதான் எறங்குது.”

மூன்று வருஷம் அவர் கண்ணில் வைத்துக் காத்தது எதை என்று அப்போதுதான் விளங்கியது. இருந்த ரூபாயைக் கொட்டி எட்டுக் காசை வாங்கிக்கொண்டார். வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல முடியும்?

உழவு மாட்டு ஜோடி மறு சந்தையில் கைமாறியது. காட்டை இனி எதைக் கட்டி உழுவது என்று பாவாயி கேட்கவில்லை. தொழுவத்துப் பக்கம் திரும்பி அழுதாள். மீதி நாலு காசும் வந்தன. எல்லாம் ராணி முகமாகவே பொறுக்கி எடுத்தார். பழைய சரத்தைப் போலவே கோத்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் கொண்டுபோய்த் தங்கை கையில் வைத்தார். பளு இறங்கியது போலிருந்தது.

ஆத்தாயி மகளைக் கூப்பிடவில்லை. சரத்தை மடியில் போட்டு, ஒவ்வொரு காசாக ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். கடைசிக் காசு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

“பன்னெண்டும் சரியா இருக்குது, அம்மிணி.”

“எண்ணலைங்ணா. அவரு கடிச்ச காசைத் தேடறேன்.”

சென்னியப்பன் எல்லாவற்றையும் சொன்னார்: பதினாறு, இருபத்திரண்டு, காப்பு ஆசை, மாடு, காகிதம், சீமை. ஆத்தாயி தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சீமையில அதை உருக்கிப்போட்டிருப்பாங்களாங்ணா?”

மூன்று வருஷமாக விலை கேட்டு நின்ற எந்தக் கடையிலும் அதை மட்டும் அவர் விசாரிக்கவில்லை.