பூசி மெழுகியவள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவள் கமர் ஜஹான். மந்தைவெளியில் அவள் அண்ணன் அப்துல் வஹீத் நடத்தும் ஃபைபர் பட்டறையில், விரிசல் விட்ட என் ஸ்கூட்டர் மட்கார்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் எழுதுகிறவன் என்று எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. (எப்படியோ என்ன, நானேதான் சொன்னேன்.)

"ரைட்டர் சார், என் கதய எழுதுங்க. அழுவாச்சியா மட்டும் எழுதாதீங்க. நான் ஜெயிச்ச கத அது" என்றாள்.

தோற்றவர்களை எழுதியே பேர் வாங்கியவன் நான். ஜெயித்தவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

2

முதல் வரிக்கு நான்கு நாள் ஆனது.

'அடையாற்றின் மேல் பனி மெல்ல விலகியபோது, அந்த வெள்ளைப் படகு ஓர் அன்னத்தைப் போல'

போனில் படித்துக் காட்டினேன். "ஆத்து நாத்தம் எங்க சார்?" என்றாள். நிறுத்திவிட்டேன்.

'முப்பத்தெட்டு வயதில் கணவனை இழந்த கமர் ஜஹான்'

இதை முடிக்கவே விடவில்லை. அவள் கணவர் ரெஹான் ராயப்பேட்டையில் தையல் கடை வைத்துக்கொண்டு கல்லு மாதிரி இருக்கிறார். கதைக்கு வசதியாக இருக்குமே என்று அவரைக் கொல்லப் பார்த்தேன். இருவரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று.

ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். படகின் வெளிப்புறத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது.

3

அடையாற்றங்கரையில் துடுப்புப் படகு கிளப் ஒன்று. அங்கே பயிற்சி எடுக்கும் அனன்யா, படித்துறையில் படகை இடித்துவிட்டாள். ஃபைபர் படகுக்கு மேலே வழவழவென்று ஒரு தோல் உண்டு, ஜெல்கோட் என்பார்கள். அது பெயர்ந்தால் உள்ளே தண்ணீர் ஊறும். சனிக்கிழமை போட்டி. வஹீத் ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்; பட்டறையிலிருந்து கமர் ஜஹான்தான் வந்து நின்றாள்.

கிளப்பில் படகுகளுக்குப் பொறுப்பு கஸ்தூரிரங்கன், கோபாலபுரத்துக்காரர். ரயில்வேயில் தண்டவாள விரிசல் பார்த்தே ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு படகிலும் ஓர் அட்டை தொங்கவிட்டு, பழுது பார்த்தவர் பெயரை எழுதி வைப்பார். பதினோரு வருடமாக எல்லா அட்டையிலும் வஹீத் பெயர்தான்.

"வஹீத் வந்தப்பறம் பாத்துக்கலாமேம்மா."

"பாய் பேசுவாரு சார். பூசறது நானு. இங்க கீற அத்தினி படகுலயும் என் கைதான் கீது."

கஸ்தூரிரங்கன் அவளை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சரி. பூசின எடம் என் கண்ணுக்குத் தெரியப்படாது. தெரியலைன்னா அட்டையில உங்க பேர். தெரிஞ்சுதுன்னா, வஹீத் வந்து திரும்பப் பண்ணட்டும்."

கமர் ஜஹானுக்கு வேண்டியது அந்த அட்டைதான். வேறெதுவும் இல்லை.

4

(இங்கே ஒரு சின்ன விலகல். தமிழில் 'பூசி மெழுகாதே' என்றால் திட்டு. தப்பை மறைக்கிறவனைச் சொல்வது. அதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருத்தியைத் தலைநிமிர்ந்து நிற்க வைப்பதுதான் எனக்கு வந்த சோதனை.)

முதலில் அடிபட்ட இடத்தை இன்னும் பெரிதாக்கினாள். ஓரத்தில் உதிரக்கூடியதை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டால்தான் புதுசு பிடிக்கும். அசிட்டோன் போட்டுத் துடைத்தாள். பிறகு கலர்.

"வெள்ளைன்னு ஒரு கலரே கெடையாது சார்" என்றாள் என்னிடம். டப்பாவிலிருந்து எடுத்த வெள்ளை பால் மாதிரி பளீரென்று இருக்கும்; படகின் வெள்ளையோ ஆறு வருடம் வெயில் குடித்தது. தீக்குச்சி முனையில் மஞ்சள், அதில் பாதி கறுப்பு. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்பதால் துளித்துளியாகத் தொட்டு வைத்துக் காயவிட்டுப் பார்த்தாள். ஏழாவது துளியில் சிரித்தாள். பூச்சை இறுக வைக்கும் ஹார்ட்னரை வைகாசி வெயிலுக்காகக் குறைத்து ஊற்றி, பூசி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டினாள். காற்றுப் பட்டால் பிசுபிசுப்பு போகாது. மறுநாள் முரட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தாள், அப்புறம் நைசு, அதைவிட நைசு, கடைசியில் பாலிஷ். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள். விரலுக்கே இடம் தெரியவில்லை.

அவள் இதைச் சொன்னபோது எனக்கே கர்வமாக இருந்தது, ஏதோ நான் பூசினது போல.

5

இப்போது கஸ்தூரிரங்கன். முதல் பிரதியில் இவரைச் சிடுமூஞ்சியாக எழுதினேன். அது தப்பு. பார்வையே பிழைப்பாக இருந்த மனிதர் அவர். அந்தப் பார்வை இன்னும் மங்கவில்லை என்று அவருக்கும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

கவிழ்த்துப் போட்ட படகை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். செல்போன் டார்ச்சை அடித்தார். அப்புறம் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இதோ. லேசா மஞ்சள் தூக்கலாத் தெரியறதே."

அவர் தொட்டது படகு செய்தவர்கள் ஆதியில் பூசிய பூச்சு. கமர் ஜஹான் பூசிய இடத்தின் மேல், படகின் மறுபக்கமாக நீட்டிய அவருடைய இடது உள்ளங்கை ஊன்றியிருந்தது.*

* இடத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். அவள் உத்தரவு. ஆகவே நீங்களும் தேட வேண்டாம்.

6

இனி என்ன? நிஜமான இடத்தைக் காட்டினால் அட்டை கிடைக்கும். ஆனால் ஒருமுறை இடம் தெரிந்துவிட்டால், இல்லாத கோடும் கண்ணுக்குத் தெரியும். சும்மா இருந்தால் அட்டை வஹீதுக்கு.

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ. அவள் இடத்தைக் காட்டுகிறாள். அவர் கைகூப்பி

(அவள்: "கையெல்லாம் கூப்ப மாட்டாரு. உடுங்க.")

ஆ. அவர் காட்டிய இடத்தையே சும்மா நாலு தேய் தேய்த்து, "இப்ப பாருங்க சார்" என்கிறாள். அவர் "ம், இப்ப சரி" என்கிறார். வாசகர்கள் சிரிக்கிறார்கள்.

இதை நான் ரசித்து எழுதினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "செய்யாத வேலைக்கா என் பேரு?"

7

நடந்தது இதுதான்.

"சார், அது கம்பெனி பூசுனது. என்துது அது இல்ல."

"அப்போ உங்களோடது எங்கே?"

"கண்டுபுடிங்க."

கஸ்தூரிரங்கன் அனன்யாவைக் கூப்பிட்டார். அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், படகு கவுந்து கெடக்கு. நீங்க அன்னிக்கு நிமிந்து இருக்கறப்போ பாத்தீங்க. இடது இப்போ வலதாயிடுச்சு."

தண்டவாளம் கவிழ்ந்து கிடக்காதே. அவருக்கு அது தோன்றவில்லை. மறுபக்கம் போனார். அனன்யா, "இங்கதான் சார்" என்றாள். பிறகு, "இல்ல, இங்க" என்றாள். பிறகு விரலை எடுத்துக்கொண்டாள். இடித்தவளுக்கே தெரியவில்லை. அவர் முட்டி போட்டு, எழுந்து, மறுபடி முட்டி போட்டு, முக்கால் மணி நேரம் தேடினார். கமர் ஜஹான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அவ்ளோ சந்தோசம் சார் எனக்கு. என் நிக்காஹ்வுக்குக்கூட அப்பிடி நின்னதில்ல" என்றாள் என்னிடம்.

கடைசியில் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அட்டையை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"இனிஷியல் என்னம்மா?"

"இனிஷியல் வேணாம் சார். பாய்க்கும் அதே இனிஷியல்தான். அதப் போட்டா அவரும் உள்ள வந்து குந்திப்பாரு. கமர் ஜஹான்னு மட்டும் எழுதுங்க."

எழுதினார். பேனாவை மூடிவிட்டு, முறைப்பெல்லாம் போய், தணிந்த குரலில் கேட்டார்: "இப்பவாவது எடத்தக் காட்டுங்கோளேன்."

8

காட்டினாளா?

கேட்டுப் பார்த்தேன். "அத்த எழுதினா உங்க மட்கார்டுல நான் பூசி கீற எடத்தயும் காட்ட வேண்டி வரும்" என்றாள். ஆகவே நான் எழுதப் போவதில்லை. பெயர் கிடைத்துவிட்டது. எதிரில் ஒரு வயதானவர் ஆசையாகக் கேட்கிறார். காட்டினால் அவர் அசந்துபோவார். ஆனால் அந்தப் படகில் பழுதான இடம் என்று ஒன்று அவருக்கு எப்போதும் இருக்கும். நீங்கள் அவளாக இருந்தால், சொல்லுங்கள், கையை எங்கே வைப்பீர்கள்?