வரிசையில் ஹோஸியாவின் இடம்

ஹோஸியா டில்மன் ஓட்டுப் போடும் வரிசையில் நின்றபடியே பிற்பகல் இரண்டேகாலுக்கு இறந்துபோனார். ஆனால் கீழே விழவில்லை. அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் டன்மோர் கவுண்டியில் கறுப்பர்கள் பகுதியில் இருந்த நான்கு வாக்குச்சாவடிகளை அந்த வருடம் செலவு மிச்சம் என்று ஒன்றாக்கியிருந்தார்கள். வெள்ளையர்கள் பகுதியில் பத்தே நிமிடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். இங்கே காலை ஏழு மணிக்கு வந்த ஹோஸியா மதியம் வரை வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூட விளையாட்டு அரங்கின் கதவைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஊரில் சர்ச்சுக்குப் போகும் கோட்டில்தான் ஓட்டுப் போடப் போவார்கள். டாக்டர் கைவிரித்துவிட்டதால், சர்ச்சில் டீக்கன் என்ற ஊழியப் பொறுப்பில் இருந்த ஹோஸியாவின் ஒரே நல்ல கோட்டை மனைவி லுவெர்டா சவப்பெட்டிக்கென்று எடுத்து வைத்திருந்தாள். அன்று காலை அவர் அதையே எடுத்து மாட்டினார்.

"அதக் கசக்கிட்டு வந்தேன்னா பைஜாமாவோடதான் பொதைப்பேன்."

"பொதைச்சுக்கோ. கடைசி ஓட்டு, நான் போட்டுட்டுத்தான் போவேன்."

வரிசையில் அவள் பிடித்திருந்த அவர் கை சில்லிட்டு, காலையிலிருந்து ஓயாத அவர் முணுமுணுப்பும் நின்றதும் லுவெர்டாவுக்குத் தெரிந்துவிட்டது. கத்தினால் ஆம்புலன்ஸ் வரும், அவர் இடம் போய்விடும். வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசை நகர்ந்தது, அவரும் ஓர் அடி எடுத்து வைத்தார்.

பின்னால் நின்ற, சர்ச் பாடகர் குழுவில் இருக்கும் பெர்லீன் கேட்டாள். "சிஸ்டர், டீக்கனுக்குத் தண்ணி வேணுமா?"

"வேணாம். அவருக்கு இனிமே தாகம் எடுக்காது."

பெர்லீன் அவர் முகத்தைப் பார்த்தாள். அதன்பின் வரிசை முழுக்க ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஐந்து மணி நேரம் அப்படியே நகர்ந்தார்கள்.

அரங்குக்குள் மேசையில் இருந்த தேர்தல் அலுவலர் பெண் வாக்காளர் பட்டியலில் விரல் ஓட்டினாள். "டில்மன், ஹோஸியா. இறந்துட்டார்னு மார்ச்லயே பேர எடுத்துட்டாங்கம்மா."

"மார்ச்ல இவரு எங்க கூரைக்கு ஆணி அடிச்சிட்டிருந்தாரு. இன்னிக்கு ரெண்டேகாலுக்குத்தான் போனாரு."

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள், கண் கலங்கினாள். மறுபடி பட்டியலைப் பார்த்தாள். "பேரு இல்லம்மா, ஓட்டுப் போட விட முடியாது" என்றாள். லுவெர்டா தன் ஓட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவர் மேசைக்கு முன்னாலேயே நின்றிருந்தார். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

ஆறு பேர் சேர்ந்து இழுத்தும் அவர் அசையவில்லை. பாஸ்டர் அங்கேயே ஜெபம் செய்தார். இப்போது பிள்ளைகள் அவரைச் சுற்றித்தான் பந்து விளையாடுகிறார்கள், அவர் மேல் படாமல். தேர்தல் வந்தால் வரிசை அவருக்குப் பின்னாலிருந்து தொடங்கும். லுவெர்டா இரண்டாவதாக நிற்பாள். மேசையில் முதலில் அவர் பெயரைச் சொல்வாள், இல்லை என்பார்கள். பிறகு தன் பெயரைச் சொல்வாள்.