கெட்டி ஸ்பிரிங்

நிரோஷன் நான்கு அட்டைப் பெட்டிகளையும் மேசைமேல் வைத்துப் பிரித்தபோது விஜிதரனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஹட்டன் – டிக்கோயா பாதையோரத்தில் பதினாறு வருஷமாகக் கராஜ் நடத்துகிறவன் அவன். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி, ஓட்டோ, தோட்டத்து டிரக்டர் என்று எல்லாம் பார்த்திருக்கிறான். ஆனால் அறுபது வருஷப் பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு ஸ்பிரிங்கும் ஷொக்கும் தெரிந்தெடுத்துப் போடும் வேலை அவனுக்கு இதுதான் முதல் தடவை.

கார் நிரோஷனுடையது. விஜிதரனின் தங்கை நிலக்ஷியைக் கட்டியவன். மஸ்கெலியாவில் ஐந்து கொழுந்து லொறி ஓடவிட்டிருந்தான். ஏதோ ஒரு பங்களாக் கொட்டகையில் கோழி அடைந்துகிடந்த அந்த இரண்டு இருக்கைக் காரை வாங்கி, பச்சைச் சாயம் அடித்து, சித்திரைச் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றப் பந்தயத்தில் ஓட்டப் போவதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தான்.

கொழும்புக் கடைக்காரன் இரண்டு சோடி ஸ்பிரிங் அனுப்பியிருந்தான். ஒன்று கறுப்பு. காரோடு முதலில் வந்ததைவிடக் கொஞ்சம்தான் இறுக்கம். மற்றது சிவப்பு. கட்டையாக, தடித்த கம்பியில், கையால் அழுத்தினால் மயிரிழைகூட அசையாதது.

"செவப்பப் போடுங்க மச்சான். ஷொக்கையும் கடைசி வரைக்கும் இறுக்கிவிட்ருங்க. வண்டி தரையோட தரையா ஒட்டிக்கிட்டுப் போகணும்."

விஜிதரன் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தான். "மாப்ள, வண்டியத் தாங்குறது ஸ்பிரிங்கு. அது துள்ளாம அடக்குறது ஷொக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தோதா இருக்கணும். இந்தச் செவப்பு வழுவழுன்னு இருக்குற ரோட்டுக்குத்தான் சரி. தோட்டத்து ரோட்ல ஒரு குழியில விழுந்தா டயரு அந்தரத்துல நிக்கும். டயரு தரையில இல்லாட்டி நீங்க ஸ்டியரிங்க எந்தப் பக்கம் திருப்பி என்ன?"

"பந்தய ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு."

"அப்ப பந்தயத்துக்கு மொத நாள் மாத்துவோம். அதுவரைக்கும் கறுப்பு ஓடட்டும். நெதம் அந்த மேட்டு ரோட்லதான ஓட்டிப் பழகுறீங்க?"

நிரோஷன் சிவப்பு ஸ்பிரிங் ஒன்றை எடுத்தான். சிரித்துக்கொண்டுதான் எடுத்தான். அடுத்த கணம் அதை மேசையில் ஓங்கி அடித்தான். தேநீர்க் கிளாஸ் இரண்டும் சிதறின. பலகையில் அரை அங்குலப் பள்ளம் விழுந்தது.

"ஒங்ககிட்ட யோசனையா கேட்டேன்?"

விஜிதரனின் புறங்கையில் கண்ணாடித்தூள் பட்டு ரத்தம் கசிந்தது. அவன் குனிந்து கண்ணாடிகளைப் பொறுக்கினான். "சரி மாப்ள. செவப்பே போட்டுர்றேன்" என்றான்.

அப்படிச் சொல்லிப் பழகியிருந்தது அவன் வாய். தன் லொறிச் சாரதி ஒருவனின் காதுச் சவ்வு கிழியும்படி நிரோஷன் அறைந்தபோதும், நிரோஷனுக்காகப் போய்ச் சமாதானம் பேசியது விஜிதரன்தான். போன தைப்பொங்கலுக்கு மறுநாள் நிலக்ஷி கழுத்தில் விரல் தடங்களோடு வந்து நின்றாள். "இனி அங்க போகமாட்டேன் அண்ணே" என்றாள். அம்மாவும் அப்பாவும் இல்லாத வீடு. ஊர் என்ன பேசும் என்று பயந்தான். சண்டை வந்தால் நிரோஷனின் ஆட்கள் கராஜை உடைப்பார்கள் என்றும் பயந்தான். "கொஞ்சம் பொறுத்துப் பாரும்மா" என்று சொல்லி, தானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசலில் விட்டு வந்தான். திரும்பி வரும்போது அவள் கதவருகில் நின்று பார்த்தாள். கை அசைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சிவப்பு ஸ்பிரிங் ஏறியது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கார் திரும்பி வந்தது. இடப்பக்க முன் மட்கார்ட் நசுங்கி, விளக்குக் குழியில் மண்ணும் தேயிலைக் கிளையும் செருகியிருந்தன. நிரோஷன் இறங்கியதும் கதவை உதைத்துச் சாத்தினான்.

"என்னத்தப் பூட்டி வச்சிருக்கீங்க? வளைவுல தவளை மாதிரிப் பாயுது. தேயில மலையில கொண்டுபோய் ஏத்திருச்சு. கறுப்பப் போடுங்க, இப்பவே."

விஜிதரன் காரைச் சுற்றி வந்து பார்த்தபோது, பக்கத்து இருக்கையின் கால்மாட்டில் பெண்பிள்ளைச் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ஒற்றைச் செருப்பு. டாஷ்போர்டின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு இழுபட்டிருந்தது.

"தங்கச்சி எங்க மாப்ள?"

"வீட்ல."

"இது ரத்தமா?"

"என் கை கீறிக்கிச்சு. வேலையப் பாருங்க."

நிரோஷனின் இரண்டு கைகளும் சுத்தமாக இருந்தன. விஜிதரன் அதைப் பார்த்தான். பார்த்தும் ஜெக்கை உருட்டிக்கொண்டு காருக்கு அடியில் போனான். காரைத் தாங்கிகளில் நிறுத்தி, இடப்பக்கச் சில்லைக் கழற்றி, ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் கீழ்க்கை இரும்புக்கு அடியில் ஜெக்கை வைத்து அழுத்தினான். மேல் போல்ட்டையும் உருவினான். இனி அந்தச் சிவப்பு ஸ்பிரிங்கைப் பிடித்துவைத்திருப்பது ஜெக் மட்டும்தான். ஜெக்கை மெல்ல மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் சாதுவாக நீண்டு கையோடு வரும். சட்டென்று விட்டால் துப்பாக்கிக் குண்டுதான்.

அந்த நேரத்தில் ஓட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது.

முதலில் இறங்கியது வீரம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். அவள் கைத்தாங்கலாக இறக்கியது நிலக்ஷியை. ஒரு காலில் செருப்பில்லை. கீழுதடு பிளந்து தொங்கியது. வாயைத் திறந்தபோது முன்பல் இரண்டு இருந்த இடத்தில் ரத்தம் நிரம்பியிருந்தது. இடக்கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"ஒங்க தங்கச்சிங்களா?" என்றாள் வீரம்மா. "காரு மலையில ஏறி நின்னுச்சு. நூலிழையில நாங்க நாலு பேரு தப்புனோம். இந்தப் புள்ள 'அண்ணன் அப்பவே சொன்னாரே'ன்னு ஒரு வார்த்தைதாங்க சொல்லுச்சு. இந்த ஆளு தலமயிரப் புடிச்சு அந்த முன்பலகையில மூணு தரம் மோதுனான். வெளிய இழுத்துப்போட்டு கையில மிதிச்சான். நாங்க செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியத் தூக்கிக்கிட்டு ஓடி வந்த பொறவுதான் வண்டிய எடுத்துக்கிட்டு ஓடுனான்."

விஜிதரன் எழுந்தான். அந்தச் செருப்பைப் பார்த்த பிறகும் ஜெக்கை உருட்டியவன் அவன். நிலக்ஷி அவனைத்தான் பார்த்தாள்.

"வீட்டுப் பொம்பளைய நான் அடிப்பேன், ஒதப்பேன். ஒனக்கென்னடி?" என்று வீரம்மாவை நோக்கி நடந்தான் நிரோஷன்.

விஜிதரன் அவன் சட்டைக் கொலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான். நாற்பது வயதுவரை அவன் யாரையும் அடித்ததில்லை. குத்தும் சரியாக விழவில்லை. மூக்கில் விழாமல் கன்னத்தில் பட்டு அவன் விரல்முட்டிதான் விலகியது. நிரோஷன் ஒரு கணம் வியப்போடு நின்றான். பிறகு தலையால் முட்டினான். விஜிதரனின் புருவம் கிழிந்து கண் மூடிப் போயிற்று. வயிற்றில் முழங்கால் ஏறியது. கீழே விழப்போனவன் நிரோஷனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவனையும் மேசைமேல் தள்ளினான். ஸ்பேனர்கள் கொட்டின. இருவரும் சிமெந்துத் தரையில் புரண்டார்கள். நிரோஷன் அவன் காதைக் கடித்தான். விஜிதரன் கட்டைவிரலை அவன் வாய்க்குள் விட்டுக் கிழித்தான்.

வீரம்மா தெருவுக்கு ஓடி ஆள் கூப்பிட்டாள். எதிர்ச் சாப்பாட்டுக்கடை ஆண்டியப்பன் ஓடிவந்தான். நிரோஷன் டயர் கழற்றும் இரும்பு லீவரை எடுத்துச் சுழற்றியதில் ஆண்டியப்பன் முழங்கால் சில்லில் அடிபட்டு வாசலிலேயே விழுந்தான்.

அதே லீவரால்தான் நிரோஷன் விஜிதரனின் தோளிலும் விலாவிலும் அடித்தான். மூன்றாவது அடியில் உள்ளே ஏதோ முறிவது விஜிதரனுக்கே கேட்டது. மல்லாந்து விழுந்தவனின் நெஞ்சில் காருக்கு அருகிலேயே ஏறி உட்கார்ந்து, லீவரைக் குறுக்காகத் தொண்டையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினான்.

"என் வண்டியக் கெடுத்ததும் நீதான். என் பொஞ்சாதியக் கெடுத்ததும் நீதான்டா."

விஜிதரனின் கால்கள் தரையை உதைத்தன. காதுக்குள் ஆறு ஓடுவதுபோல் இரைந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, காரின் முன்பக்கம் நிலக்ஷி முழங்காலில் உட்காருவதைக் கண்டான். கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் இதே கராஜில் அவனுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தவள் அவள். ஜெக்கின் நீண்ட பிடியை எந்தப் பக்கம் திருகினால் இறங்கும் என்று அவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நல்ல கையால் அந்தப் பிடியைப் பற்றினாள்.

"அண்ணே, தலையத் தூக்காத!"

திருகினாள்.

ஜெக் ஒரே மூச்சில் அமிழ்ந்தது. கீழ்க்கை தரையில் மோதியது. அத்தனை பலமும் ஒடுங்கிக்கிடந்த சிவப்பு ஸ்பிரிங் வெளியே பாய்ந்து விஜிதரனின் மேலாகப் போய் நிரோஷனின் வலது முழங்கையிலும் விலாவிலும் மோதி, கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு, எங்கோ எகிறித் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் விழுந்தது. நிரோஷன் கத்தவில்லை. பக்கவாட்டில் சரிந்து, முழங்கை இருந்த இடத்தைப் பார்த்தான். அது இருக்கவேண்டிய பக்கம் மடங்கியிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கத்தத் தொடங்கினான்.

நிலக்ஷி எழுந்து போய் தரையில் கிடந்த லீவரை எடுத்தாள். அவன் தலைக்குமேல் ஓங்கினாள். நிரோஷன் இடக்கையால் முகத்தை மூடிக்கொண்டு, "வேணாம் புள்ள, வேணாம்" என்று குழறினான். அவள் நெடுநேரம் அப்படியே நின்றாள். விஜிதரனுக்கு வேண்டாமென்று சொல்ல மூச்சில்லை. மூச்சு இருந்திருந்தாலும் சொல்லியிருப்பானா என்று அவனுக்கே தெரியாது. வீரம்மாதான் பின்னால் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "போதும் தாயி. இவனுக்காக நீ உள்ள போகாத."

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பொலிஸ் சார்ஜண்ட் நிலக்ஷியைச் சிங்களத்தில் விசாரித்தார். பக்கத்துக் கட்டிலில் விலாவில் கட்டோடு கிடந்த விஜிதரன் முந்திக்கொண்டு, ஜெக் தானாகச் சறுக்கிவிட்டது என்றான். சார்ஜண்ட் அதை எழுதத் தொடங்கியபோது நிலக்ஷி கையை உயர்த்தித் தடுத்தாள். உதட்டில் தையல் போட்டிருந்ததால் ஒவ்வொரு சொல்லாக, சிங்களத்திலேயே சொன்னாள். சறுக்கவில்லை. நான்தான் திருகினேன். அண்ணனைக் கொல்லப் போனான், அதனால் திருகினேன்.

அவர் போன பிறகு விஜிதரன், "ஏம்மா இப்பிடிச் சொன்ன? ஒன்னையும் உள்ள போட்ருவானுங்களே" என்றான்.

"இனி எதையும் மறைக்கமாட்டேன். கழுத்துல தடத்தோட வந்து நின்னேனே, அப்ப ஏன் என்னைய அங்க கொண்டுபோய் விட்ட?"

"பயந்துட்டேன்" என்றான் விஜிதரன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவன் பயந்தபடியே மூன்றாம் நாள் நிரோஷனின் ஆட்கள் வந்து கராஜின் கண்ணாடி, மேசை, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டுப் போனார்கள். அப்போது அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். செய்தி கேட்டபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இவ்வளவுதானா, இதற்காகவா அவளை அனுப்பினேன் என்றுதான் நினைத்தான்.

வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. நிலக்ஷியையும் குற்றம் சாட்டி எதிரியாகச் சேர்த்திருந்தார்கள். வீரம்மாவும் அன்று மலையில் நின்ற மற்ற மூன்று பெண்களும் அரைநாள் பேரையும் அதன் கூலியையும் விட்டுவிட்டு வந்து சாட்சி சொன்னார்கள். நொண்டிக்கொண்டு வந்து ஆண்டியப்பனும் சொன்னான். அண்ணனின் உயிரைக் காக்கச் செய்தது என்று நீதவான் அவளை விடுவித்தார். நிரோஷனுக்கு இரண்டு வருஷச் சிறை. வலக்கை அவனுக்குப் பாதிதான் மடங்குகிறது என்று கேள்வி. கார் பொலிஸ் முற்றத்தில், முன்பக்கம் தரையில் குத்தியபடி மழையில் கிடந்தது.

கராஜில் ஒரு பக்கத்தைப் பிரித்து நிலக்ஷி உதிரிப்பாகக் கடை போட்டாள். மஸ்கெலியா லொறிச் சாரதிகள்கூட நிரோஷனின் ஆட்களுக்குத் தெரியாமல் வந்து வாங்கினார்கள். ஸ்பிரிங், ஷொக் என்று கேட்டு வருகிறவர்களிடம் எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள் என்று முதலில் கேட்பாள். அண்ணனோடு வேலைக்குத் தேவையான அளவு பேசினாள். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் தனியாகச் சமைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நெருங்கிப் போக விஜிதரனுக்குத் துணிவில்லை. கேட்கவும் முகமில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் விடாமல் மழை பெய்தது. விலா வலியில் அவன் வேலையை விட்டுவிட்டு வாங்குப் பலகையில் சாய்ந்திருந்தான். நிலக்ஷி கடைப்பக்கத்திலிருந்து வந்தாள். சோற்றுத் தட்டு ஒன்றை அவன் பக்கத்தில் வைத்தாள்.

"ஆறிப்போகும். சாப்புடுண்ணே" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற ஓட்டோக்காரனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கப் போனாள்.