ஆளு மோசமில்ல, ஆனா போதாது

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. கண் மருத்துவமனையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, பின்வரிசையில் ஒரு பெரியவர் சொன்னார்: “ஆளு மோசமில்ல. ஆனா போதாது.”

பக்கத்தில் இருந்தவன், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்று இழுத்தான்.

“தோக்கக் கூடாதுன்னே ஆடுறவன் என்னைக்கு ஜெயிக்கப் போறான்?”

பெண் கொடுத்த வீட்டு விவகாரம் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில், பேச்சு ஒரு கால்பந்து அணியின் தலைமைக் கோச்சைப் பற்றியது என்று தெரிந்ததும் சப்பென்று ஆகிவிட்டது. பத்திரிகையை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தேன். அப்போது நர்ஸ் வந்து அவனிடம், “நீங்க இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

அவன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. பெரியவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கூட வந்தவர்” என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மௌனம் மட்டும்தான் நான் கண்ணால் கண்டது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “வெட்டிய புல்லின் வாசனை மைதானமெங்கும் பரவியிருந்த அந்த மாலைப்பொழுதில்—”

[இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.]

இரண்டாவது: “லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்களுக்கு முதலில் தேவைப்படுவது வெளியிலிருந்து ஒரு குரல். மெக்கானிக்குக்கு அது தெரியும். ஆனால் தன் வீட்டில்—”

[‘ஆனால்’ என்று எழுதியதுமே என் கை தானாக உருவகத்தைத் தேடிப் போகிறது. வேண்டாம். அவன் லிஃப்ட் மெக்கானிக். அது அவன் பிழைப்பு, அவ்வளவுதான்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மெக்கானிக்குக்கும் அவன் மாமனாருக்கும் மைதானத்தின் கிழக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு இருக்கைகள். கல்யாணமான வருஷம் சேர்ந்து எடுத்த சீசன் டிக்கெட். மனைவிக்குக் கால்பந்து பிடிக்காது. தொண்ணூறு நிமிஷம் ஓடியும் ஒன்றும் நடக்காத விளையாட்டு என்பாள். எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. எதுவும் பட்டென்று தெரிந்துவிட வேண்டும்.

போன மழைக்காலத்தில் அவள் அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். சண்டை என்று ஒன்றுமில்லை. அதுதான் அவள் குறையே. வீடு மாறலாமா, குழந்தை பெற்றுக்கொள்ளலாமா, ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம், எதைக் கேட்டாலும் அவன், “உன் இஷ்டம்” என்பான். விட்டுக்கொடுத்துப் போகிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். தனியாக வாழ்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆட்டத்துக்கு அவன் தயங்கித் தயங்கிப் போனான். மாமனார் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். மகளைப் பற்றி அவர் பேசவில்லை. ஒரே ஒரு மாற்றம்: “மாப்பிள்ளை” என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. “இங்க பாருங்க” என்பதோடு சரி.

பிறகு கோச்சைத் திட்ட ஆரம்பித்தார்.

3

பெரியவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

அவரை அச்சகத்தில் பிழைதிருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று வைத்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்கக் குற்றம் கண்டுபிடித்துச் சோறு தின்றவர்.* கோச்சைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் மருமகனைப் பற்றித்தான் என்று வாசகர் சீக்கிரமே பிடித்துவிடுவார். பிடித்துவிட்டீர்கள் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் பெரியவருக்கு அது தெரியுமா? தெரிந்தே பேசுகிறார் என்றால் அவர் குத்திக்காட்டுகிற ஆள். தெரியாமல் பேசுகிறார் என்றால் நான் அவரை ஏமாற்றுகிறேன். மூன்று வரைவுகள் எழுதியும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவரை அவர் பாட்டுக்கு விட்டுவிட்டேன். அவருக்கு அந்தக் கோச்சை நிஜமாகவே பிடிக்காது.

(* இந்தக் கதையைப் படித்தால் என்ன சொல்வார் என்ற பயத்திலேயே ஒவ்வொரு ஒற்றெழுத்தையும் சரிபார்த்திருக்கிறேன்.)

பிடிக்காததற்குக் காரணமும் இருந்தது. அணி கடைசிக்குக் கொஞ்சம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சறுக்கினால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். கோச் பத்துப் பேரையும் பின்னால் நிறுத்திவிட்டு, கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, மழைக்கு ஒதுங்கியவர் மாதிரி ஓரமாக நிற்பார். டிரா, டிரா, தோல்வி, டிரா. அரங்கம் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆளை மாற்று என்று ஒரு கட்சி. அவகாசம் கொடு என்று ஒரு கட்சி. மெக்கானிக் இரண்டாவது கட்சி. ஏன் என்று கேட்டால், பாவம் என்பான். அதற்குமேல் அவனிடம் காரணம் இல்லை.

இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே இந்த ஒரு வாக்குவாதம்தான் ஜன்னலாக இருந்தது. [உருவகம். தப்பித்து வந்துவிட்டது. இருக்கட்டும்.] கோச்சை நீக்கிவிட்டால் மாமாவும் தானும் எதைப் பேசுவது என்று மெக்கானிக் உள்ளூரப் பயந்தான்.

அதனால்தான் கண் ஆபரேஷன் அன்று மகளுக்கு விடுப்பு கிடைக்காமல் பெரியவர் தயங்கிப் போன் செய்தபோது, இவன் முழு நாள் லீவு போட்டுவிட்டு ஓடினான்.

4

ஆபரேஷன் முடிந்த அந்த வாரமே ஒரு ஆட்டம். மகள் கூடாது என்றாள். பெரியவர் கேட்கவில்லை. ஒரு கண்ணில் கட்டு. மற்ற கண்ணிலும் புரை. காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, இடைவேளையில் சொட்டு மருந்து போட வேண்டும் என்று சொல்லிப் புட்டியை மெக்கானிக்கின் கையில் கொடுத்தாள். மழைக்காலத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அன்றுதான். கையைக் கழுவிவிட்டுப் போடு என்றாள். சரி என்றான். அவள் போய்விட்டாள்.

ஆட்டம் தொடங்கியதும் பெரியவர் முன்னால் குனிந்தார்.

“என்ன நடக்குது?”

“பந்து நம்மகிட்ட இருக்கு மாமா.”

“அது சத்தத்துலயே தெரியுது. நல்லா ஆடுறாங்களா, இல்லையா?”

மெக்கானிக் திணறிப்போனான். இத்தனை நாள் நல்லது கெட்டதைச் சொல்வது அவர் வேலை; மறுத்து முனகுவது இவன் வேலை. இப்போது பார்ப்பது இவன் மட்டும்தான். அவருக்காக உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். இடது பக்கத்து ஆள் வழக்கமான இடத்தில் இல்லை, நடுக்கோட்டைத் தாண்டி நிற்கிறான் என்றான். பின்னால் வெறும் மூன்று பேர்தான் என்றான். கோச் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டார், முன்னே போ முன்னே போ என்று தள்ளுகிற மாதிரி காட்டுகிறார், ஆனால் முகம் வெளுத்திருக்கிறது என்றான். பேசப் பேச அவனுக்கே குரல் ஏறியது. முன்வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

இடைவேளையில் கையைக் கழுவிவிட்டு வந்தான். பெரியவரின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, கட்டை மெல்ல விலக்கி, சொட்டு மருந்து விட்டான். அவர் அசையாமல் இருந்தார். கல்யாண மேடையில் காலைத் தொட்டதோடு சரி. அவர் முகத்தை அவன் தொட்டதே இல்லை.

அணி தோற்றது. திறந்துகிடந்த பின்பக்கம் வழியாகவே எதிரணி இரண்டு கோல் போட்டது. நம்மவர்கள் ஒன்று போட்டார்கள். அரங்கமே கோச்சைப் பார்த்து ஊளையிட்டது. பெரியவர் மட்டும் ஊளையிடவில்லை. படியிறங்கும்போது மெக்கானிக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு, “கேக்க நல்லா இருந்தது,” என்றார்.

5

ரசிகர் சங்கக் கூட்டம் அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். கோச்சை நீக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்பதா வேண்டாமா என்று கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். நீக்கச் சொல்பவர்களுக்கு ‘விசில்’ என்ற ஆள் தலைவர். மெக்கானிக்கின் மறுபக்கத்து இருக்கைக்காரர். வாயில் விரல் வைத்தால் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். விசில் நன்றாகவே பேசினார். இந்த ஆளை இன்னும் எத்தனை நாள் சுமப்பது என்று கேட்டார். கைதட்டல்.

அவகாசம் கொடுக்கச் சொல்பவர்கள் யாராவது பேசுங்கள் என்றார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மெக்கானிக் எழுந்தான்.

[இங்கே அவனுக்கு ஒரு நீண்ட உரை எழுதியிருந்தேன். அழகாக இருந்தது. அவன் அப்படிப் பேசமாட்டான்.]

“இவரு போதுமான்னு கேட்டா, இன்னைக்குப் போதாது. போதும்னு நான் சொல்லிக்கிட்டிருந்தது சும்மா. பாவம்னு சொன்னேன். ஆனா போன ஆட்டத்துல பயந்துக்கிட்டே ஒரு காரியம் செஞ்சாரு. தோத்துட்டாரு. தோத்த பிறகும் அதையே செய்வாரா, திரும்பப் பின்னால போய் ஒளிஞ்சிக்குவாரா, அதைத்தான் பாக்கணும். அதைப் பாக்காம அனுப்பக் கூடாது. அனுப்பக் கூடாதுங்கறது என் கருத்து.”

‘என் கருத்து’ என்று சொன்னபோது அவன் காது சிவந்துவிட்டது.

தன்னைப் பற்றித்தானே சொன்னான் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கோச்சைப் பற்றித்தான் என்று அடித்துச் சொல்கிறான்.

பிறகு பெரியவர் எழுந்தார். இந்த இடத்தில் அவர் மனம் மாறுவார் என்றுதான் எழுத நினைத்திருந்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை.

“எங்க மாப்பிள்ளை சொன்னது நியாயம். ஆனா என் கை மாறாது,” என்று சொல்லி, நீக்க வேண்டும் என்பதற்கே கையைத் தூக்கினார்.

கூட்டம் சிரித்தது. மெக்கானிக்குக்கு மட்டும் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. கைகளை எண்ணினார்கள், மயிரிழையில் கோச் தப்பித்தார். விசில் கழுத்தில் தொங்கிய தன் சீசன் டிக்கெட் அட்டையைக் கழற்றி மெக்கானிக்கின் மடியில் போட்டார். அந்த ஆள் இருக்கிறவரை தான் வருவதில்லை, யாரையாவது கூட்டிக்கொண்டு போய் உட்காரவை என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

அவர் திறந்துவிட்டுப் போன கதவருகே மகள் நின்றிருந்தாள். அப்பாவைக் கூட்டிப்போக வந்தவள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

6

வெளியே, கார் பக்கத்தில், அவள் கேட்டாள்: “கோச்சுக்காக இவ்வளவு பேசுவியா நீ?”

அவன் ஒரு அடி முன்னே வந்தான். “ஞாயித்துக்கிழமை மேட்ச். நீ வரணும். எனக்கு ஆசையா இருக்கு.”

“எனக்கு ஃபுட்பால் பிடிக்காது.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் கேக்குற.”

“ஆமா.”

பெரியவர் காருக்குள் உட்கார்ந்து சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பையில் சாவியைத் தேடினாள். கிடைத்த பிறகும் தேடினாள்.

“அந்தப் பக்கம் வெயில் அடிக்குமா?” என்றாள்.

7

முடிவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அணி பெரிய வெற்றி பெறுவதுபோல் ஒன்று எழுதினேன். வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன். அவள் வராமல் போவதுபோல் ஒன்று எழுதினேன். இலக்கியமாக இருந்தது, ஆனால் பொய். தொப்பி எடுத்துவைக்கிற அளவுக்கு வெயிலைப் பற்றி விசாரித்தவள் வருவாள்.

வந்தாள். ஞாயிறு பிற்பகல், மூன்று பேரும் கிழக்குப் பக்கத்துப் படிகளில் ஏறி வருகிறார்கள். பெரியவரின் கண்கட்டு போய்க் கறுப்புக் கண்ணாடி வந்திருக்கிறது. கீழே, கோட்டோரம், கோச் நிற்கிறார். கைகள் வெளியே இருக்கின்றன. இடது பக்கத்து ஆளை முன்னே போகச் சொல்கிறார், தோற்ற பிறகும். அது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். ஆட்டம் என்ன ஆகும் என்று தெரியாது.

வரிசைக்கு வந்துவிட்டார்கள். மூன்று இருக்கைகள் காலியாக இருக்கின்றன. யார் நடுவில் உட்காருவது என்பதில் மூவரும் ஒருகணம் நிற்கிறார்கள். பின்னால் வருபவர்கள், நகருங்க நகருங்க என்கிறார்கள். அப்பா நடுவில் என்றால் அது ஒரு கதை. அவன் நடுவில் என்றால் வேறு. அவள் நடுவில் என்றால், ஒரு பக்கம் திட்டும் மறுபக்கம் வாதமும் ஆட்டம் முடியும்வரை அவள் காது வழியாகத்தான் போக வேண்டும்.

எல்லா விதமாகவும் உட்காரவைத்துப் பார்த்துவிட்டேன், எதுவும் மோசமில்லை. நான் பேனாவை மூடுகிறேன். நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார். சீக்கிரம், நீங்களே அவர்களை உட்காரவையுங்கள். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது.