கை தளர்ந்த இடம்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுப் பங்குனி வெயிலில் விரிவுரையாளர் தியாகராசா சைக்கிள் மிதித்துக் களைத்து மருதனார்மடம் வந்து சேர்ந்தார். மனிதர் மாட்டைக் கூப்பிடும் குரலையும் மாடு பதிலுக்குக் கத்துவதையும் இரண்டு வருடமாகப் பதிந்து ஆய்வேடு எழுதி முடித்திருந்தார். மறுநாள் ஒப்படைக்க வேண்டும். மாடு திரும்பிப் பார்க்கும் கணத்தில் இரண்டு குரலும் ஒன்றாக உயர்கின்றன என்பதே அவர் கண்ட உண்மை. நாற்பத்திரண்டு வீடுகளில் ஒன்றுகூடத் தவறவில்லை.

கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து பசுவோடு கொட்டிலில் இருந்த இராசாத்திக்கு அவளுடைய குரலைப் போட்டுக் காட்டுவதாக முன்பு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகத்தான் வந்தார்.

மின்சாரம் இல்லை; போர்த் தடையால் பற்றரியும் உள்ளே வர விடுவதில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் றெக்கோடர் ஓடும். பதிந்ததும் அப்படித்தான். இப்போது சீராகச் சுற்றினார்.

“சிவப்பீ... வா...” முடிவில் குரல் கீச்சென்று ஏறியது. பசு காதைக்கூட ஆட்டவில்லை.

இராசாத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். “உது என்ரை குரலோ? வால் மிதிபட்ட பூனை மாதிரிக் கிடக்கு. நான் கடைசியிலை இறக்கியெல்லோ கூப்பிடுறனான்!”

“ரேப் பொய் சொல்லுமே அக்கா?”

“அண்டைக்கு மாடு திரும்பினவுடனை ‘அப்பாடா’ எண்டு கையைத் தளர விட்டனீங்கள். நான் பாத்தனான்.”

தியாகராசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பதியும்போது கை தளர நாடா மெதுவாக ஓடியிருக்கிறது; சரியான வேகத்தில் போட்டால் அந்த இடத்தில் எந்தக் குரலும் உயரத்தான் செய்யும். நாற்பத்திரண்டு வீட்டிலும் உயர்ந்தது அவருடைய களைப்பு.

சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. நெற்றியில் காலையில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணில் எரிந்தது.

“எல்லாம் பிழை அக்கா. திரும்ப எடுக்கவேணும். எனக்கு ஏலாது.”

பக்கத்துக் கொட்டிலில் கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்த மீனவர் யாகப்பு எழுந்து வந்தார். “தள்ளுங்கோ மாஸ்டர். முப்பது வரியம் கடலிலை வள்ளத்துக்குத் தண்டு வலிச்ச கை. மாடு பாத்தாலும் நிக்காது, மாதா வந்தாலும் நிக்காது.”

அவர் சுற்றினார். இராசாத்தி கூப்பிட்டாள். சிவப்பி தலையைத் தூக்கி, கத்திக்கொண்டே வந்தது. போட்டுக் கேட்டபோது, பெண்ணின் குரல் மெல்ல இறங்கி ஓய்ந்தது. மாட்டின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, நேராகவே போனது.

“இன்னும் எத்தினை வீடு?” என்றார் யாகப்பு.

“நாப்பத்தொண்டு.”

“மீன்பிடிக்கக் கடலுக்குத்தான் போக விடுறாங்களில்லையே. நாளைக்கு வெள்ளன வாறன்.”