பிளாஸ்திரியில் எழுதிய பெயர்கள்

அப்பா இருசப்பனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, கள்ளக்குறிச்சி வீட்டில் அவருடைய தகரப்பெட்டியை ஜெயம்மாளும் அண்ணன் காசிநாதனும் திறந்தார்கள். பெரிதாக்கி மாட்ட ஒரு நல்ல போட்டோ வேண்டும். அதற்காகவே ஜெயம்மாள் தியாகதுருகத்திலுள்ள புகுந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் தங்கியிருந்தாள்.

வேட்டிகளுக்கு அடியில் ஒரு துணிப்பை கனத்தது. கொட்டினாள். ஏழு பட்டன் போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி, அப்பாவின் கோணல் கையெழுத்தில் ஒரு பெயர்: செல்லமுத்து, பாவாடை, கந்தசாமி…

"இன்னாண்ணா இது?"

காசிநாதன் போன்களை அள்ளிப் பையில் போட்டான். "வெள்ளிமலை ஆளுங்களோடது. அப்பா மிளகு பறிக்க கேரளாவுக்கு இட்டுக்கினு போவாரில்ல, அப்ப வாங்கி வெச்சது."

"திரும்பி வந்தவங்க போனை வாங்கிக்கினு போவ மாட்டாங்களா?"

அவன் பையைக் கீழே வைத்தான். வண்டி எடுத்துவருகிறேன் என்று வெளியே போனான்.

சாவதற்கு முந்தைய மாதங்களில் அப்பா வாசல் கதவைத் திறக்கவே விடமாட்டார். யார் தட்டினாலும், "மலைக்காரங்களா பாரு" என்பார். காய்ச்சல் பிதற்றல் என்று அவள் நினைத்திருந்தாள்.

அப்பாவின் சார்ஜரையே எடுத்து, செல்லமுத்து என்று எழுதிய போனைச் செருகினாள். கால் மணி நேரத்தில் உயிர் வந்தது. அடுத்த நிமிடமே மணி அடித்தது. திரையில் 'வூடு' என்றிருந்தது.

எடுத்துக் காதில் வைத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

"பத்து மாசமா தெனம் போட்டுக்கினு கீறேன். சிம்மு செத்துடக் கூடாதுன்னு நானே ரீசார்ஜ் பண்றேன். இன்னிக்குத்தான் மணி அடிக்குது. பேசுய்யா."

"நான்… இருசப்பன் பொண்ணு."

"உங்கப்பா எங்க?"

"செத்துட்டாருங்க."



"அப்ப எங்க ஆளுங்க என்ன ஆனாங்கன்னு எங்களுக்கு யாரு சொல்லுவாங்க?"

அதற்குள் காசிநாதன் உள்ளே வந்துவிட்டான். போனைப் பறித்து அணைத்துப் பையில் எறிந்தான்.

"மிளகு இல்ல ஜெயா. ஆந்திரா காட்டுல திருட்டுத்தனமா செம்மரம் வெட்ட. வெளிய தெரியக் கூடாதுன்னுதான் போனெல்லாம் வாங்கி வெச்சாரு. நானும் லாரில இருந்தேன். போலீசு சுடுற சத்தம் கேட்டுச்சு. அப்பா வண்டிய எடுன்னாரு. எடுத்துட்டேன்."

"அந்த ஏழு பேரு?"

"தெரியாது. அப்பாவும் திரும்பிப் போயி பாக்கல." அவன் குரல் தாழ்ந்தது. "கோமுகி டேம்ல போட்டுட்டு வந்துடறேன். பையைக் குடு."

"ஒவ்வொருத்தர் பேரும் எழுதி வெச்சிருக்காரு. தூக்கிப் போடறதா இருந்தா அவரே போட்டிருப்பாரு" என்றாள். அவன் வண்டியைக் கிளப்ப வாசலுக்குப் போன நேரத்தில் பையோடு பின்வாசல் வழியாக இறங்கிப் பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். வெள்ளிமலை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறியதும் அந்தப் போனிலிருந்தே 'வூடு' எண்ணைக் கூப்பிட்டு, வருவதாகச் சொன்னாள். அந்தப் பெண் தன் பெயர் குஞ்சம்மாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முனகி ஏறியது. மேலே குளிர்ந்தது. ஜெயம்மாள் ஒருத்தியைத்தான் எதிர்பார்த்திருந்தாள். வெள்ளிமலை நிறுத்தத்தில் முப்பது பேர் நின்றார்கள். பஸ் போனதும் அவளைச் சுற்றி வழி அடைபட்டுப்போனது.

ஒவ்வொரு போனாக எடுத்துப் பெயரைப் படித்தாள். பெயர் வந்ததும் ஒரு கை நீண்டு வாங்கிக்கொண்டது. கந்தசாமி என்றபோது ஒரு கிழவர் வாங்கி, அதை முகர்ந்து பார்த்தார்.

ஏழும் தீர்ந்தன. மெலிந்த, முப்பது வயதுக்காரி ஒருத்தி முன்னே வந்தாள். குரல் கேட்டதுமே குஞ்சம்மாள் என்று தெரிந்தது.

"அன்னிக்கு வண்டி ஓட்டுனது யாரும்மா?"

ஜெயம்மாள் பொய் சொல்ல வாயெடுத்தாள். அந்தக் கிழவர் இன்னும் போனை முகத்தருகே வைத்திருந்தார்.

"எங்க அண்ணன்."

ஐந்து ஆண்கள் திரும்பி நடந்தார்கள். டீக்கடைக்குப் பக்கத்தில் நின்ற ஜீப் அவர்களை ஏற்றிக்கொண்டு உறுமிக் கிளம்பி, கள்ளக்குறிச்சிப் பாதையில் இறங்கியது.

"அண்ணனை ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்று ஜெயம்மாள் குஞ்சம்மாளின் கையைப் பிடித்தாள்.

குஞ்சம்மாள் கையை உதறவில்லை. ஒரு சாக்கை உதறிக் கீழே விரித்தாள்.

"உங்கண்ணன் வந்து என்ன நடந்துச்சுன்னு வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் நீ இங்க உக்காரும்மா."

ஜெயம்மாள் உட்கார்ந்தாள். பெண்கள் அவளைச் சுற்றி ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.