கடக் சத்தம் நின்ற காலை

...சத்தம் இல்லை, அதுதான் இப்போது தொந்தரவாக இருக்கிறது, வாசலை விட்டு கார் இறங்கும்போதே முன்சக்கரத்திலிருந்து ஒரு 'கடக்' வரும், வந்தால்தான் வண்டி கிளம்பிவிட்டது என்று அர்த்தம், இன்று வரவில்லை, கிளம்பினேனா இல்லையா என்று குழம்பி பிரேக்கை மிதித்துவிட்டேன். பின் இருக்கையில் அக்கா, முதுகுக்கு ஒரு தலையணை, மடியில் ஒரு தலையணை, என்னடா நின்னுட்ட என்றாள், ஒண்ணுமில்லக்கா என்றேன். ஒன்றுமில்லைதான். பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல, அப்படித்தான் இருக்கிறேன் சில மாதங்களாக... ஆஸ்பத்திரிக்குப் போவோம், மருந்து ஏற்றுவார்கள், திரும்பி வருவோம், சோறு வைப்பேன். மருந்து ஏற்றும் முன் டாக்டர் அக்காவிடம் வலி இருக்கா என்று கேட்பார், இல்லையே என்பாள், பிறகு என்னைப் பார்ப்பார். போன முறை என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார், எலும்பில் வலி ஆரம்பித்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மருந்து கேட்கவில்லை என்று அர்த்தம், அதற்கப்புறம் இதை ஏற்றி அவரைப் பாடாய்ப் படுத்துவதில் பிரயோஜனம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம். சரி என்றேன். யாரோ எனக்கு வழி சொன்னது போலக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வண்டி அக்காவுடையது, அவள் வாங்கியது, எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான், கியர் மாற்றும்போதெல்லாம் தலையில் ஒரு குட்டு. இப்போது இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது, வண்டிக்கும். நேற்று மெக்கானிக் அதைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பிக் காட்டினார், டக் டக் என்று ஆடியது, பாருங்க சார், இங்க ரப்பர் புஷ் இருக்கணும், காஞ்சு வெடிச்சுப் போச்சு, இரும்பும் இரும்பும் முட்டிக்கிட்டு நிக்குது, குலுங்காம தாங்கற ஷாக்கும் போயிடுச்சு, பின்னாடி உக்காந்தவங்க ஒண்ணுமே சொல்லலியா? சொல்லவில்லை. டீ ஆறிப்போனால் சொல்வாள், என் சட்டைக் காலரைச் சொல்வாள், எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிற விதத்தைச் சொல்வாள், வண்டியை மட்டும் சொல்ல மாட்டாள். ஒர்க்‌ஷாப்பில் விடட்டுமா என்று நான் ஆரம்பித்தாலே, அது பாட்டுக்குக் கத்தட்டும் விடுடா, உன் பேச்சைக் கேக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலை, என்று வாயை அடைத்துவிடுவாள். அதனால்தான் சொல்லாமல் கொண்டுபோய் விட்டேன். கழற்றிய சாமானையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி டிக்கியில் வைத்துத்தான் அனுப்புவார் அந்த மெக்கானிக், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார், நாளைக்கு மாத்தவே இல்லைன்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல சார். காலையில் முதல் வேலையாக அந்தச் சாக்கைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போட்டேன், வழியில் உருண்டு மானத்தை வாங்க வேண்டாம் என்று, துணியால் டிக்கியைத் துடைக்கவும் துடைத்தேன். ஒரு குடை கூட இல்லை உள்ளே.

என்னடா, வண்டி ஊமையாயிடுச்சு? என்றாள் அக்கா. புஷ், ஷாக் எல்லாம் மாத்திட்டேன்க்கா. ஒரு குத்தல் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. யாரு மாத்தச் சொன்னா உன்னை... அதையும் சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தால் ஒரு கை கதவுக்கு மேலே உள்ள பிடியை இறுக்கியிருக்கிறது, மோதிரம் தளர்ந்து விரல் கணு வரை இறங்கியிருக்கிறது. ரேடியோ போடேன் என்றாள். ரேடியோ கெட்டு எவ்வளவு காலமாச்சு, நீதானே சனியன் ஒழிஞ்சதுன்னு சொன்ன? அப்ப கண்ணாடிய இறக்கி விடு. தூசி வருமேக்கா. வரட்டும். இறக்கினேன், கடைவீதி இரைச்சல் உள்ளே வந்தது, ஹார்ன், லாரி, யாரோ யாரையோ திட்டுவது, அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூசி என்றால் மூக்கை மூடுகிறவள், இன்று என்ன வந்தது இவளுக்கு... நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை, யோசிக்க ஏதாவது இருந்ததாகவும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிச் சாலை திரும்பியதும் இரைச்சல் அற்றுப்போனது, இரண்டு பக்கமும் மரம், ஹார்ன் அடிக்கக் கூடாது என்று பலகை, கேட்டுக்கு முன்னால் அந்த வேகத்தடை. வழக்கம் போல ஊர்ந்துதான் ஏற்றினேன். முன்சக்கரம் ஏறி இறங்கியது, கடக் இல்லை, கடக் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது, சின்னதாக, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே போட்ட ஒரு சத்தம். பின்சக்கரம் ஏறி இறங்கியது. மறுபடியும். கண்ணாடியில் அவள் முகம் வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிக்கியில பழைய சாமான் ஏதாவது போட்டு வச்சிருக்கியாடா, உருளுது பாரு, என்றாள். என் வாய் தானாகச் சொன்னது, ஆமாக்கா, பழைய புஷ்ஷு, எடுக்க மறந்துட்டேன். இறக்கிடு, என்றாள் அக்கா, உடனே, வேணாம், கிடக்கட்டும், அதுக்கென்ன அவசரம். கிடக்கட்டும் என்றாள். அந்தக் கடக்குக்கு அடியில் இது எத்தனை நாளாக இருந்தது, எந்தப் பள்ளத்திலிருந்து, எந்த மாதத்திலிருந்து? என் கைகள் ஸ்டியரிங்கை ஒழுங்காகத் திருப்பின, வண்டி கோட்டுக்குள் நேராக நின்றது, பயமாக இருந்தது, இத்தனை நாளில் முதல் தடவையாக எனக்குப் பயமாக இருந்தது. சக்கர நாற்காலி வருவதற்குள் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தேன், எதற்கென்று தெரியவில்லை, துடைத்தது துடைத்தபடியே இருந்தது. முன்னாலிருந்து அக்காவின் குரல், இருக்காடா? இருக்குக்கா, என்றேன். மூடினேன். மேலே போனதும் டாக்டர் கேட்பார், அவள் இல்லையே என்பாள், பிறகு அவர் என்னைப் பார்ப்பார்...